அத்தியாயம் 11: ஓரத்து நாற்காலி

பிரேமளா ஹேமநாதனை மறுமணம் செய்துகொண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. மகள் ஷர்மினி அந்தத் திருமணத்துக்கு வந்தாள், எல்லாப் படத்திலும் சிரித்தாள், பந்தியில் பாயசம்கூடப் பரிமாறினாள். அதற்குப் பிறகு அம்மாவின் புதுக் கணவரோடு அவள் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு பக்கம் தேறாது.

சண்டை எதுவும் இல்லை. அதுதான் பிரேமளாவுக்குக் கவலை. சண்டை போட்டால் சமாதானம் செய்து வைக்கலாம். மரியாதையாக ஒதுங்கிப் போகிறவளை என்ன செய்வது?

போன வாரம் மாடியில் இருந்த சின்ன அறையை மூவரும் சேர்ந்து காலி செய்தார்கள். ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போன ஷர்மினியின் அப்பா யோகேந்திரன் உட்கார்ந்து வேலை பார்த்த அறை அது. அவருடைய மேசை ஷர்மினியின் அறைக்குப் போனது. புத்தகங்கள் பெட்டிக்குள் போயின. காலியான இடத்தில் ஹோம் தியேட்டர் வைக்கலாம் என்று பிரேமளா சொன்னபோது, “நல்லதும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு ஷர்மினி குளிக்கப் போனாள். குளியலறையில் அரை மணி நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்தச் சனிக்கிழமை டிவி வாங்கும் நாள்.

காலை ஒன்பது மணிக்கே பிரேமளா சேலை கட்டி, கைப்பையோடு வாசலில் நின்றாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சனிக்கிழமையும் பள்ளி அவளை விடுவதில்லை.

“எனக்கு ஸ்கூல்ல மீட்டிங் இருக்கு. வர சாயங்காலம் ஆயிடும். நீங்க ரெண்டு பேரும் போய் வாங்கிட்டு வந்திடுங்க.”

“நீங்க இல்லாமயா?” என்று ஹேமநாதனும் ஷர்மினியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“எனக்கு டிவியப் பத்தி என்ன தெரியும்? அவருக்கு வயரு தெரியும். உனக்குக் கலரு தெரியும். போதும்லா.”

அது உண்மைதான். ஹேமநாதன் ஜோகூரிலேயே, செனாய் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மூத்த டெக்னீஷியன். ஷர்மினிக்குப் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில், விளம்பரப் படங்களுக்கு வண்ணம் சரிசெய்யும் வேலை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பவள்.

“டிவி இல்லாம வராதீங்க,” என்று சொல்லிவிட்டுப் பிரேமளா தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்கூடாய் பக்கத்திலிருந்த அந்த மின்சாதனக் கடைக்கு இருபது நிமிடப் பயணம். ஹேமநாதன் தன் காரில் வானொலியைப் போட்டார். பிறகு, அவளுக்குப் பிடிக்காதோ என்று நினைத்து அணைத்தார். ஷர்மினி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலுவலகத் தோழி யோகேஸ்வரியிடமிருந்து செய்தி வந்திருந்தது.

‘ரூம் ரெண்டு பேருக்கு ஓகே சொல்லிட்டாங்க. நீ வர்றியா இல்லையா? நாளைக்குள்ள சொல்லணும்.’

சிங்கப்பூரிலேயே, உட்லண்ட்ஸில் அறை. அலுவலகத்துக்கு அரை மணி நேரம். ஜோகூர் பாலத்தில் பஸ்ஸுக்கும் குடிநுழைவுச் சோதனை வரிசைக்கும் இனி நிற்க வேண்டாம். காலை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டாம். அம்மாவிடம் சொல்வதற்குக் காரணங்கள் தயாராக இருந்தன. சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

கடையில் இறங்கியதும் ஹேமநாதன் காரின் பின்பக்கத்தைத் திறந்து சிவப்பு நிற பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை எடுத்தார்.

“இது எதுக்கு?” என்றாள் ஷர்மினி.

“நம்ம வாங்கப்போற நாற்காலி பதினேழு அங்குல உயரம். இதுவும் பதினேழு. நின்னுக்கிட்டுப் பாத்து வாங்கிட்டு, வீட்டுல உட்கார்ந்து பாத்தா வேற மாதிரி தெரியும்மா.”

அந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவர் பளபளப்பான கடைக்குள் நடந்ததைப் பார்த்து, ஷர்மினி நான்கு அடி தள்ளியே நடந்தாள்.

உள்ளே சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே கிளையில் இருந்து, ஒரே நேரத்தில் பறந்தது. ஹேமநாதன் நேராகப் போகாமல் ஸ்பீக்கர் பகுதிக்குத் திரும்பிவிட்டார். ஷர்மினிக்கு அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. திருமணத்துக்கு முன்னால் ‘அங்கிள்’ என்று கூப்பிட்டாள். அதற்குப் பிறகு எதுவுமே கூப்பிட்டதில்லை. எதிரில் போய் நின்று பேச ஆரம்பிப்பாள், அவ்வளவுதான்.

“ஹலோ,” என்றாள். காதில் விழவில்லை. “எக்ஸ்கியூஸ் மி!” அதுவும் விழவில்லை. ஸ்பீக்கரில் யாரோ டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அங்கிள்!” என்று கத்தினாள்.

கடையில் இருந்த ஐந்து அங்கிள்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆறாவதாக ஹேமநாதன் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஷர்மினி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

விற்பனையாளர் செல்வா வந்தார். நாற்பது வயதிருக்கும். ஸ்டூலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இந்த வேலையில் எல்லாவிதமான ஆட்களையும் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

“அறை எவ்வளவு அண்ணே?”

“பத்தடிக்குப் பன்னெண்டடி. சுவத்துலேர்ந்து நாற்காலிக்கு ஒன்பதடி.”

“அப்போ அறுபத்தஞ்சு இஞ்ச் சரியா இருக்கும். அதுக்கு மேல போனா கண்ணு வலிக்கும். வாங்க, ரெண்டு காட்டுறேன்.”

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிவிகள். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே கால், ஒரே ரிமோட். அட்டையில் இருந்த மாடல் எண்கூட ஒன்றுதான். கடைசி எழுத்து மட்டும் இடதுபக்கம் ‘கே’, வலதுபக்கம் ‘எம்’. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

“அலமாக்!” என்று தலையில் கை வைத்தார் ஹேமநாதன். “இதுல எப்படிப்பா தேர்ந்தெடுக்கிறது?”

“எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. ஸ்பீக்கர் வயரு, கேம் போர்ட்டு எல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதான் அண்ணே. உள்ள படம் காட்டுற பேனல்தான் வேற.” செல்வா இரண்டிலும் இருட்டுக் காட்சி ஒன்றைப் போட்டார். “நேரா நின்னு பாருங்க.”

ஷர்மினி பார்த்தவுடனே சொல்லிவிட்டாள். “கே. சந்தேகமே இல்ல. இருட்டு நல்லா கறுப்பா இருக்கு. அந்த எம்-ல கறுப்பு சாம்பல் கலந்த மாதிரி இருக்கு.”

“தங்கச்சிக்கு நல்ல கண்ணு,” என்றார் செல்வா.

ஹேமநாதன் டேப் எடுத்துத் தரையில் ஒன்பதடி அளந்தார். ஸ்டூலைப் போட்டார். தான் உட்காராமல் ஷர்மினியை உட்காரச் சொன்னார். கடையில் போவோர் வருவோரெல்லாம் பார்த்தார்கள். அவள் கூச்சத்தோடு உட்கார்ந்தாள். உட்கார்ந்து பார்த்தாலும் ‘கே’தான் அழகாக இருந்தது.

“அப்போ கே எடுத்துக்கலாம்,” என்றார் ஹேமநாதன். “நீ சொன்னா சரி.”

செல்வா பில் புத்தகத்தை எடுக்கப் போனவர் நின்றார். “ஒண்ணு கேட்டுக்கறேன் அண்ணே. எத்தனை பேரு பாப்பீங்க? எல்லாரும் நேரா உட்காருவீங்களா?”

ஹேமநாதன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த கட்டத்தாள் ஒன்றை எடுத்து விரித்தார். அறையைப் பென்சிலால் அளவாக வரைந்திருந்தார். கதவு, ஜன்னல், ஸ்பீக்கர் வைக்கும் ஐந்து இடங்கள். நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சதுரங்கள். ஒன்றில் ‘பி’. இன்னொன்றில் ‘ஷ’. ஜன்னலை ஒட்டி, சுவரோரத்தில் மூன்றாவது சதுரம். அதில் ‘ஹே’.

“கதவு திறக்கணும் இல்லையா? அதனால மூணையும் வரிசையா போட முடியல,” என்றார். “ஒரு நாற்காலி ஓரத்துலதான் வரும்.”

“அங்கேருந்து பாத்தீங்களா?” என்றார் செல்வா.

“அது எனக்குத்தான். பரவால்ல.”

ஷர்மினி எழுந்தாள். ஸ்டூலைத் தூக்கி, தாளில் இருந்த கோணத்துக்கு ஏற்ப வலப்பக்கம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து ‘கே’யைப் பார்த்தாள்.

படம் வெளுத்துப் போயிருந்தது. கறுப்பு கறுப்பாக இல்லை. திரையில் இருந்த பெண்ணின் முகம் மாவு பூசியதுபோல் இருந்தது. ‘எம்’மைப் பார்த்தாள். நேரே இருந்து பார்த்தபோது எப்படி இருந்ததோ, கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

“இது உங்களுக்குத் தெரியுமா?” என்று ஹேமநாதனைக் கேட்டாள்.

“என்னது?”

“ஓரத்துல இருந்து பாத்தா கே மோசமா இருக்கும்னு.”

“யூடியூப்ல பாத்தேன்.” அவர் தாளை மடித்தார். “நீயும் அம்மாவும் நேரா உட்காருவீங்க. நான் ஒரு காட்சி பாத்தா ரெண்டு காட்சி தூங்கிடுவேன். எனக்கு எதுக்கு நல்ல கலரு?”

ஒரு வருடம், இரண்டு வருடம், அதற்கு மேலும், தினமும் அந்த வெளுத்த முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்காரத் தயாராக வந்திருக்கிறார். யாரிடமும் சொல்லாமல்.

அதனால்தானோ என்னவோ, அந்த இடத்தில், அந்தக் கிளிகளுக்கு நடுவே, அவள் சொல்லிவிட்டாள்.

“நீங்க ஓரத்துல உட்கார வேண்டாம் அங்கிள். நாற்காலி ரெண்டு போதும். நேரா போட்டுக்கலாம். நான் உட்லண்ட்ஸ்ல ரூம் பாத்திருக்கேன்.”

டேப் நாடா ஹேமநாதன் கையில் சர்ரென்று உள்ளே போனது.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லல.”

செல்வா நல்ல மனிதர். வேறு ஒரு வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

“ரெண்டு பேருதான்னா கே-தான் சரி,” என்று எழுந்தாள் ஷர்மினி. “நேரா உட்கார்ந்து பாக்க அதுதான் நல்லது. நான் எப்பவாவது வந்தா ஓரத்துல உட்கார்ந்துக்கறேன்.”

“எப்பவாவது வர்றவளை ஓரத்துல உட்கார வைப்பாங்களா?” ஹேமநாதன் ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டார். “தம்பி செல்வா! எம் எடுத்துக்கறோம்.”

“படம் பாக்க கே பெட்டர் அண்ணே...”

“தெரியும். எங்க வீட்டுல மூணு நாற்காலி. எம் கொடுங்க.”

மதியமே அனுப்பிவிடுவதாகச் செல்வா சொன்னார். இருவரும் எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தார்கள். ஹேமநாதன் தனக்கு மீ கோரேங் நூடுல்ஸ் சொன்னார். ஷர்மினிக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே சீனி குறைத்து ஒரு தே தாரிக் தேநீர் சொன்னார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் யோசித்தாள். மூன்று மாதமாக ஒரே சமையலறை. பார்த்திருப்பார்.

“ஒண்ணு கேக்கட்டா?” என்றார். “பாலத்துல ஜாம், காலையில எந்திரிக்கணும், இதெல்லாம் நீ அம்மாகிட்ட சொல்ற காரணம். அத விடு. நான் வந்ததாலயா?”

இவ்வளவு நேராகக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“தெரியல அங்கிள்,” என்றாள். “உங்க மேல கோவமில்ல. நெஜமா. ஆனா அப்பா ரூம காலி பண்ணப்போ... அந்த வீட்டுல எனக்கு இனிமே இடமில்லன்னு தோணிச்சு. அந்த ரூம் வேணும்னு நீங்கதான் கேட்டீங்கன்னு நெனச்சேன்.”

ஹேமநாதன் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“நான் ஹாலே போதும்னு சொன்னேன்மா. அந்த ரூம் வேண்டாம், ஷர்மினிக்குக் கஷ்டமா இருக்கும்னும் சொன்னேன். உங்கம்மாதான் கேக்கல. ‘ஆறு வருஷமா அந்தக் கதவ மூடி வச்சிட்டு, தினமும் அது முன்னாலயே நடந்து போறேன். என்னால இனிமே முடியாது. உள்ள போய் உட்காரணும், சிரிக்கணும்’னு சொல்லிட்டு அழுதாங்க.”

ஷர்மினி தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். அம்மாவுக்கு அந்தக் கதவைத் தாண்டிப் போவதே பாரமாக இருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. அவள் நாலரைக்கு எழுந்து போய், இரவு எட்டரைக்கு வருகிறவள்.

“ரூம் எடுத்துக்கறதும் விடறதும் உன் இஷ்டம்,” என்றார் ஹேமநாதன். “நான் தடுக்க மாட்டேன். யோங் பெங்ல பதினெட்டு வருஷம் வாடகை ரூம்ல தனியா இருந்தவன் நான். அதுலயும் ஒரு சுகம் இருக்கு. ஆனா உங்கம்மாகிட்ட நான் எதையும் மறைக்கிறதில்ல. அதனால நீயே சொல்லிடு. இன்னிக்கே.”

“சொல்றேன்.”

“நான் கூட இருக்கணுமா, வெளிய போயிடணுமா?”

அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. “கூட இருங்க,” என்றாள்.

மூன்று மணிக்கு லாரி வந்தது. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஹேமநாதன் மாடல் எண்ணை இரண்டு முறை சரிபார்த்தார். ‘எம்’தான். ஆட்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். நான்கு வருடமாக உறை பிரிக்காமல் வைத்திருந்த தன் ஸ்பீக்கர்களை அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். தனியாக இருந்தபோது வாங்கியவை, போட்டுக் கேட்கத் தோன்றவே இல்லை என்றார். ஷர்மினி வயரைப் பிடித்துக் கொடுத்தாள். பிறகு ரிமோட்டை வாங்கி, கடைக்காரர்கள் ஏற்றி வைத்திருந்த பளிச்சென்ற வண்ணத்தையெல்லாம் இறக்கி, மனித முகம் மனித முகமாகத் தெரியும்படி செய்தாள். ஹேமநாதன் வாயைப் பிளந்து பார்த்தார்.

“இதத்தான் வேலையா பாக்குறியா?”

“ஆமா.”

“இதுக்குச் சம்பளமும் தர்றாங்களா?”

“அங்கிள்!”

பிரேமளா ஐந்து மணிக்கு வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் மாடிக்கு வந்துவிட்டாள். புது நாற்காலிகள் அடுத்த வாரம்தான் வரும். அதனால் சாப்பாட்டு மேசை நாற்காலிகள் மூன்று போடப்பட்டிருந்தன. அவள் கதவுக்கு வெளியே ஒரு கணம் தயங்கி, பிறகு உள்ளே வந்து நடு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

“சண்டை போடலயா ரெண்டு பேரும்?”

“கொஞ்சம் போட்டோம்,” என்றாள் ஷர்மினி. “அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்.”

“இரும்மா. நான் முதல்ல சொல்லிடறேன். இல்லன்னா எனக்குத் தைரியம் போயிடும்.” பிரேமளா கைப்பையிலிருந்து ஒரு நீண்ட உறையை எடுத்தாள். “இன்னிக்கு ஸ்கூல்ல மீட்டிங் எதுவும் இல்ல. நான் பாலோவுக்குப் போயிட்டு வந்தேன்.”

“பாலோவா?” என்றார் ஹேமநாதன். “அங்க யாரு இருக்கா?”

“நாப்பத்திரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. தோட்டத்துக்குள்ள ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. என்னைத் தலைமையாசிரியையா போட்டிருக்காங்க.”

பிரேமளா அவசர அவசரமாகத் தொடர்ந்தாள். தினமும் போய்வர முடியாத தூரம். பள்ளிக்குப் பக்கத்திலேயே தங்கும் வீடு இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே, சனி ஞாயிறு இங்கே. வரும் புதன்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும்.

“இருபத்தேழு வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன். ஆனா வந்த நேரத்தப் பாருங்க. கல்யாணமாகி மூணே மாசம். இவர இங்க விட்டுட்டு நான் அங்க போனா ஊரு என்ன சொல்லும்? அதவிட... நான் இல்லாத வீட்டுல நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாம இருந்தா, எனக்கு அங்க சோறு இறங்குமா?” அவள் உறையை மடியில் வைத்துத் தடவினாள். “அதான் இன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் தனியா அனுப்பினேன். எப்படிப் பேசிக்கிறீங்கன்னு பாக்கணும்னு தோணிச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே எழுதிக் கொடுத்திடறேன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.”

வருத்தமில்லை என்று சொன்னவளின் விரல்கள் அந்த உறையின் மூலையை நசுக்கிக்கொண்டிருந்தன.

ஷர்மினி ஹேமநாதனைப் பார்த்தாள். உட்லண்ட்ஸ் அறையைப் பற்றி இப்போது சொன்னால் அம்மா போகமாட்டாள். ஆள் இல்லாத வீட்டில் கணவரைத் தனியே விட்டுப் போக அவளால் முடியாது. நாற்பத்திரெண்டு பிள்ளைகளும் அந்த உறையும் அதோடு முடிந்துவிடும்.

ஹேமநாதனும் அவளைப் பார்த்தார். பிறகு கண்களைத் தாழ்த்திக்கொண்டு வேறு ஏதோ வயரைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். முடிவை அவளிடமே விட்டுவிட்டார்.

“போங்கம்மா,” என்றாள் ஷர்மினி. “இங்க நாங்க பாத்துக்கறோம்.”

குனிந்திருந்தவரின் கை அப்படியே நின்றது.

பிரேமளா மகளின் கன்னத்தைத் தொட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நீ என்னவோ சொல்லணும்னியே?”

“டிவி ஓரத்துல இருந்து பாத்தாலும் நல்லா தெரியும்னு சொல்ல வந்தேன்.”

ஹேமநாதன் எழுந்து, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஷர்மினி உதவிக்குப் போவதுபோல் பின்னாலேயே போனாள். பாதிப் படியில் இருவரும் நின்றார்கள்.

“அப்போ அந்த உட்லண்ட்ஸ் ரூம்?” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

“தெரியல. நாளைக்குள்ள பதில் சொல்லணும்.”

“எடுக்கலன்னா, அம்மாவுக்காகத்தான் விட்டுக்கொடுத்தேன்னு பின்னால உனக்கு வருத்தம் வரும். எடுத்தா, அவங்க உண்மை தெரியாம பாலோவுக்குப் போவாங்க. ரெண்டும் எனக்குப் பிடிக்கல.”

“எனக்கும்தான்.”

“நான் அவங்ககிட்ட எதையும் மறைக்கிறதில்லன்னு மத்தியானம்தான் சொன்னேன்.”

“இன்னிக்கு ஒரு நாள் அங்கிள். ப்ளீஸ்லா.”

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சரி. நாளைக்குக் காலையில நான் மார்க்கெட் போறப்ப நீயும் வா. பேசி முடிவு பண்ணுவோம்.”

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிரேமளாவுக்கு மிகவும் சந்தோஷம் வந்தால்தான் தன் அம்மா வீட்டு யாழ்ப்பாணப் பேச்சு வாயில் வரும். இந்த மூன்று மாதத்தில் ஒரு முறைகூட வந்ததில்லை.

“என்ன ரெண்டு பேரும் அங்க நின்டு ரகசியம் கதைக்கிறீங்கள்?”

அந்தக் குரலில் சிரிப்பு வழிந்தது. படியில் நின்ற இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.